விளாத்திக்கண்டலின் சனத்தொகை

விளாத்திக்கண்டலின் வரலாற்றை ஒன்றரை நாளில் எழுதி முடித்துவிட்டேன். சனத்தொகைதான் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியது.

2012ஆம் ஆண்டு மாசி மாதம். பட்டதாரிப் பயிலுநராக நான் அடம்பன் பிரதேச செயலகக் கந்தோருக்கு வந்து அரை வருசம்கூட ஆகவில்லை. மீளக் குடியேறிய ஒவ்வொரு கிராமத்துக்கும் ‘வரலாறும் சனத்தொகையும்’ என்று நாலு பக்கம் எழுதிப் புத்தகமாகக் கட்டவேண்டும் என்று மேலே யாருக்கோ ஞானம் பிறந்திருந்தது. எங்கள் கிளைத் தலைவர் செபமாலை சேர் சுற்றிவரப் பார்த்தார். வேலையில்லாமல் கதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

“ஜெயகௌரி, உமக்கு நல்லாத் தமிழ் வரும் என்ன?”

வரும் என்று சொன்னது என் பிழை.

வரலாறு சுகமான வேலை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வாய்க்காலில் இருக்கும் கிராமம். ஒரு சின்னக் குளம், குளத்துக்குக் கீழே வயல், மேலே குடிமனை. தொண்ணூறில் பாதிச் சனம் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனது. மிச்சப் பாதி இரண்டாயிரத்து ஏழில் வன்னிக்குள் போனது. சண்டை முடிந்து ஒரு வருசம் கழித்து இரண்டு பாதியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. பள்ளிக்கூடத்துக் கூரையும் பிள்ளையார் கோயில் மணியும் மட்டும் இன்னும் வரவில்லை. இவ்வளவுதான். இதை இரண்டு பக்கத்துக்கு இழுத்தேன்.

சனத்தொகைக்கு வந்தால், கிராம அலுவலரான விதானையாரின் பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு. வீடு வீடாகப் போகும் மருத்துவமாதுவின் கொப்பியில் நானூற்றுப் பதினொன்று. விதானையார் கடதாசியைப் பார்த்து எண்ணுவார். மருத்துவமாது ஆளைப் பார்த்து எண்ணுவார். இரண்டு பேரும் தங்கள் கணக்குத்தான் சரி என்று சத்தியம் பண்ணினார்கள்.

“ஒரு ஆள்தானே சேர், விடுவம்” என்றேன்.

“விட ஏலாது பிள்ளை. உந்தத் தாளைப் பாத்துத்தான் வீட்டுத்திட்டமும் குடுக்கப்போகினம். மூண்டு பேரும் அதுக்கு மேலயும் எண்டால் முதல் பட்டியல். ரெண்டு பேர் எண்டால் ரெண்டாம் பட்டியல். ஆள் கூடினால் ஆரோ ஒருத்தர் பொய் சொல்லி வீடு எடுக்கினம் எண்டு அர்த்தம். போய்ப் பிடியும்.”

இரண்டாம் பட்டியலைப் பற்றி எங்கள் கந்தோரில் சிரிக்காமல் யாரும் கதைத்ததில்லை. அது எப்போது வரும் என்பது திருக்கேதீஸ்வரத்து ஈசனுக்குத்தான் தெரியும்.

கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் சரவணமுத்தரைப் போய்ப் பார்த்தேன். அறுவடை முடிந்த வயலில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, வரம்பில் குந்தியிருந்தார்.

“ஐயா, இந்த ஊரில மொத்தம் எத்தினை சனம்?”

“ஆர் கேக்கினம்?”

“நான்தான் கேக்கிறன்.”

“அதில்லைப் பிள்ளை. முந்தி ஆமிக்காரன் கேட்டால் அட்டையில உள்ள கணக்கைச் சொல்லுவம். ஒரு தலை கூடினாலும் வில்லங்கம், குறைஞ்சாலும் வில்லங்கம். இயக்கம் கேட்டால் வளந்த பிள்ளையள் இல்லாத கணக்கு. நிவாரணத்துக்கு வந்து கேட்டால் செத்தவையையும் சேத்துச் சொல்லுவம். இந்தியாவில முகாமில தலை எண்ண வருவினம், அண்டைக்குக் கூலி வேலைக்குப் போனவனும் ஓடி வந்து வரிசையில நிப்பான். இப்ப நீங்கள் என்னத்துக்கு எண்டு சொன்னால், அதுக்குத் தக்கதாச் சொல்லலாம்.”

“உண்மைக் கணக்கு வேணும் ஐயா.”

அவர் மாட்டைப் பார்த்தார். “அதை இதுவரைக்கும் ஆரும் கேக்கேல்லை” என்றார்.

வேறு வழியில்லை. சிவராத்திரி லீவுக்கு முதல் வெள்ளிக்கிழமை தாள் போகவேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கும் போவது என்று இறங்கினேன். ஆளைக் கண்டால் பேருக்கு எதிரே ஒரு சரி போடுவது, அவ்வளவுதான்.

நாலாம் நாள் காலை செல்வநாயகத்தின் வளவுக்குப் போனேன். ஊரின் கிழக்குக் கரை, வயலை ஒட்டினது. செல்வநாயகம் அடுத்தவர் வயலில் அறுத்த நெல்லைச் சூடடிக்கும் மெசினோடு போயிருந்தார். அவருடைய மனைவி சிவலட்சுமி பெரிய கிடாரத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். அவித்த நெல்லைத் தறப்பாளில் பரப்பியிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் தறப்பாளின் ஒரு மூலை எழும்பி, வளவு மண்ணை வாரி நெல்லுக்கு மேலே கொட்டியது. ஒரு பெண் அந்த மூலையில் கல்லை வைத்துவிட்டு, காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நடந்தாள்.

“வீட்டில எத்தினை பேர் அன்ரி?”

“மூண்டு. இவர், நான், இவள் லக்சிகா. மூத்தவன் துஷாந்தன் இந்தியாவிலயே கலியாணம் முடிச்சு நிண்டிட்டான், அவனைப் போட்டிடாதேங்கோ மிஸ். பொய்க் கணக்குக் குடுக்கக் கூடாது.”

கொட்டில் தகரத்தால் அடித்தது. கதவு இல்லை, ஒரு சீலை தொங்கியது. உள்ளே இரண்டு பாய்தான் சுருட்டிக் கிடந்தன. என் கண் அங்கே போனதைச் சிவலட்சுமி கண்டுவிட்டார்.

“பெட்டை இரவில தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டில படுக்கிறவள். குமர்ப்பிள்ளை. கதவில்லாத இடத்தில எப்பிடிப் படுக்க விடுறது? வாங்கோ, உங்களுக்கு ஒண்டு காட்டிறன்.”

கொட்டிலுக்குப் பின்னால் நிலத்தில் தடிகள் நட்டு, கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சிவலட்சுமி சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

“இது விறாந்தை. பாத்து, காலைத் தூக்கி வையுங்கோ, உது சுவர். இதால வாங்கோ, வாசல் இதுதான். இது குசினி. இது எங்கட அறை. இது லக்சிகாவின்ர. ஜன்னல் மேற்கால, காத்து வரும். விறாந்தை சீமெந்து எண்டால் நெல்லும் அதிலயே காயப்போடலாம்.” மகளின் அறைக்குள் போனதும் அவருடைய குரல் இறங்கியது. “ஒரு அறை எண்டு இருந்தால் அவள் இஞ்ச வந்து படுப்பாள் மிஸ். வேற ஒண்டுக்கும் இல்லை, அதுக்குத்தான் எனக்கு இந்த வீடு.”

நான் சுவரைத் தாண்டி வராமல் வாசலால்தான் வெளியே வந்தேன். லக்சிகா பிளேன்டீ கொண்டுவந்தாள். இடதுகைப் பெருவிரலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது, தையல் ஊசி ஏறிவிட்டதாம். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி கூடிப்போச்சு தங்கச்சி, நான் சீனி போடாமல் குடிக்கிறனான்” என்றேன். அவள் சிரித்தாள். மூன்று பேருக்கும் சரி போட்டேன்.

பின்னேரம் மேற்குக் கரைக்குப் போனேன். குளக்கட்டுக்கு அங்கால், காணியில்லாமல் வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த துண்டுகள். கடைசித் துண்டில் பிலிப்பு. கடற்கரைப் பக்கத்து மனிதர். இந்தியாவில் முகாமில் பழகிய இந்த ஊராக்களோடு சேர்ந்து வந்து இங்கே தங்கிவிட்டார். வள்ளம் இல்லாதபடியால் குளத்தில் வலை போடுகிறார். அதைச் சொல்லும்போது யாரோ மானத்தை வாங்கிவிட்டமாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

“குளத்து ஜப்பான் மீன் மிஸ். இதெல்லாம் ஒரு மீனே? உப்பு வாசம் இல்லாத மீனைக் கையால தொடவும் மனம் வருகுதில்லை.”

“எண்டாலும் மூண்டு கோப்பை சோறு போகுது” என்றார் அவருடைய மனைவி மெற்றில்டா. அவர் அந்த மீனைத்தான் கல்லில் தேய்த்துச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கும் தகரக் கொட்டில்தான். ஆனால் வாசலுக்கு ஒரு பழைய பலகைக் கதவு போட்டிருந்தது. அது வள்ளத்துப் பலகை.

“எத்தினை பேர்?”

“மூண்டு. மகள் கிறிஸ்ரினா. தையல் வகுப்புக்குப் போயிட்டாள்.”

“வந்தால் ஒருக்காப் பாக்கவேணும். ஆளைக் காணாமல் சரி போடக்கூடாது எண்டு கட்டளை.”

மெற்றில்டா மீனை விட்டுவிட்டுக் கணவனைப் பார்த்தார். அந்த நேரம் பின்பக்கத்தில் சைக்கிள் சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பிளேன்டீயோடு மகள் வந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.

“சீனி போடேல்லை மிஸ்” என்றாள்.

நான் குவளையை வாங்கினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் நான் சீனியைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பெருவிரலில் மஞ்சள் துணி. நெற்றியில் பொட்டு அழித்த தடம். அவளும் தன் பிழையைப் பிடித்துவிட்டாள், நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு நாளாக வெயிலில் தேடித் திரிந்த அந்த ஒரு ஆள் இரண்டு தரம் எனக்குத் தேத்தண்ணி தந்திருக்கிறாள். நான் சிரிக்க, பிலிப்பும் சிரித்தார், அவளும் சிரித்தாள். மெற்றில்டா மட்டும் சிரிக்கவில்லை.

“நாங்கள் பொய் எழுதேல்லை மிஸ்” என்றார். “ரெண்டு கடதாசியும் உண்மையான கடதாசி.”

“ஒரு ஆளுக்கு எப்பிடி ரெண்டு கடதாசி?”

பிலிப்பு வலையை ஒதுக்கி வைத்தார். “தொண்ணூறாம் ஆண்டு. என்ர வள்ளத்தில பதினாறு பேர் ஏறியாச்சு. இன்னொரு ஆள் ஏறினாலும் தாழும். கரையில செல்வநாயகம் அண்ணையும் அக்காவும் பெடியனும் நிக்கினம். இவளுக்கு ஒரு வயசு, அனல் பறக்கக் காய்ச்சல். இஞ்ச மருந்துக்கு வழியில்லை. அண்ணை தண்ணிக்குள்ள இறங்கி வந்து கேட்டார், ‘தம்பி, வள்ளத்தில ஒரு மடி இருக்கோ?’ எண்டு. ஒரு மடி இருந்தது. மெற்றில்டாவின்ர மடி.”

மெற்றில்டா மீன் கையைக் கழுவிக்கொண்டு தொடர்ந்தார். “இந்தியாக் கரையில இறங்கினதும் பேர் எழுதிறவர் மடியைப் பாத்துத்தான் எழுதினார். பிள்ளைக்குப் பேர் என்ன எண்டார். எனக்குத் தெரியாது மிஸ். அவசரத்தில ஒருத்தரும் பேர் சொல்லித் தரேல்லை. பேர் தெரியாது எண்டால் பிள்ளையைப் பறிச்சுப்போடுவினமோ எண்டு பயம். கிறிஸ்ரினா எண்டன்.”

“அவையள் வரேல்லையோ?”

“ஒரு கிழமையில வாறம் எண்டவை. பன்னிரண்டு நாள் கழிச்சுத்தான் வள்ளம் கிடைச்சது. அவையளை வேற மாவட்டத்தில ஒரு முகாமுக்கு ஏத்தினதாம். எங்களுக்குத் தெரியாது, அவையளுக்கும் தெரியாது. நாலு வருசம் இப்பிடியே போச்சு.”

அந்தப் பெண் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். நான் அனுப்பவில்லை. கால் மணித்தியாலத்தில் செல்வநாயகத்தையும் சிவலட்சுமியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். செல்வநாயகத்தின் தலையெல்லாம் வைக்கோல் தூசு. சிவலட்சுமியின் கையில் பொலித்தீனில் சுற்றின பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அடம்பன் ஆஸ்பத்திரி, 1989, லக்சிகா. மெற்றில்டாவும் உள்ளே போய் முகாம் அட்டையை எடுத்துவந்தார். மெற்றில்டாவின் பேருக்குக் கீழே கிறிஸ்ரினா. இரண்டையும் என் மடியில் வைத்தார்கள்.

“வெள்ளிக்கிழமை தாள் போகவேணும்” என்றேன். “ரெண்டில ஒண்டை வெட்டத்தான் வேணும். வெட்டுற வீட்டில ரெண்டு பேர்தான் மிச்சம். அவையளுக்கு இப்ப வீடு கிடையாது.”

சொல்லிவிட்டு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

“பெத்தது நான்” என்றார் சிவலட்சுமி.

“இல்லையெண்டு ஆர் சொன்னது?” என்றார் மெற்றில்டா. “மடியில வைச்சதும் நீங்கள்தான் அக்கா. நான் கேட்டு வாங்கேல்லை.”

“ஒரு கிழமைக்கு எண்டெல்லோ வைச்சனான்!”

“அந்த ஒரு கிழமை முடியேல்லையே. காய்ச்சல் விட்டது, பல்லு முளைச்சது, நடந்தது, கொப்பளிப்பான் வந்தது. நீங்கள் வருவியள் வருவியள் எண்டு நானும் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்.”

“நாலு வருசமாப் பிள்ளை உயிரோட கிடக்கோ எண்டு தெரியாமல் கிடந்தவள் நான். கண்டுபிடிச்சு வந்து தூக்க, என்னைக் கண்டு குளறினவள். உங்கட சீலைக்குப் பின்னால ஒளிச்சவள். அதை நான் இண்டைக்கும் நினைச்சால்…”

“நான் தரமாட்டன் எண்டு சொன்னனானே? ஒரு நாளாவது சொன்னனானே? கூட்டிக்கொண்டு போங்கோ எண்டுதான் சொன்னனான். அவள்தான் வரேல்லை.”

செல்வநாயகம் வேட்டியில் ஒட்டின நெல்லுச் சுணையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிலிப்பு குளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அம்மா” என்றாள் அந்தப் பெண்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அவள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “எனக்கு இருபத்திரண்டு வயசு மிஸ். என்னைப் பற்றி நான் சொல்லலாம்தானே?”

“சொல்லலாம்.”

“அப்ப கிறிஸ்ரினாவை வெட்டுங்கோ.”

மெற்றில்டா எழும்பிப் போய் மீன் சட்டியை எடுத்து, கழுவின மீனையே திரும்பவும் கழுவினார். சிவலட்சுமி முன்னால் வந்து மகளின் கையைப் பிடித்தார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் பெண் இன்னும் கதைத்து முடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

“வீடு உங்களுக்கம்மா. நீங்கள் கயிறு கட்டி வைச்சிருக்கிறியள். ஆனால் நான் இஞ்சதான் நிப்பன். என்னை வெட்டினதால இவையளுக்கு வீடு இல்லாமல் போகுது. இவையளைத் தகரத்துக்குள்ள விட்டிட்டு நான் போய்க் கல்வீட்டில படுக்க ஏலாது.”

சிவலட்சுமியின் கை தளர்ந்தது. “அப்ப எனக்கு என்னத்துக்கு வீடு?” என்றார். யாரிடமும் கேட்டமாதிரித் தெரியவில்லை. “நான் அறையெல்லே உனக்குக் கட்டினது.”

செல்வநாயகம் அப்போதுதான் முதல்முதலாக வாய் திறந்தார். “எழுதுங்கோ மிஸ். வீடு எண்டு ஒண்டு எழும்பட்டும். எழும்பினால் வருவாள்.”

நான் கிறிஸ்ரினாவுக்கு மேலே கோடு போட்டேன். அவர்களுக்கு முன்னாலேயே போடவேண்டியிருந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது மெற்றில்டா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். “சாப்பிட்டிட்டுப் போங்கோ மிஸ், மீன் கொதிக்கிற நேரம்தான்” என்றார். நான் இருந்து சாப்பிட்டேன். செல்வநாயகமும் சாப்பிட்டார். சிவலட்சுமி நெல் கிடக்கு என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை தாள் போனது. மொத்தம் நானூற்றுப் பதினொன்று. செபமாலை சேர் என் முதுகில் தட்டாத குறை. செல்வநாயகம் வீட்டில் மூன்று பேர் என்று எழுதியிருந்தேன், அங்கே இரவில் படுப்பது இரண்டு பேர். பிலிப்பு வீட்டில் இரண்டு என்று எழுதியிருந்தேன், படுப்பது மூன்று. கூட்டுத்தொகை மட்டும் துல்லியமாகச் சரி.

அடுத்த வருசம் பங்குனியில் கணக்கைப் புதுப்பிக்கத் திரும்பவும் போனேன். செல்வநாயகத்தின் வீடு எழும்பியிருந்தது. வெள்ளை அடிக்கவில்லை, ஆனால் கதவு ஜன்னல் எல்லாம் போட்டிருந்தது. கயிறு கட்டியிருந்த அதே இடத்தில் அதே அளவில் சுவர். விறாந்தைச் சீமெந்தில் அவித்த நெல் காய்ந்தது, ஒரு பொட்டு மண் இல்லை. சிவலட்சுமி என்னை வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். மேற்கு அறையில் நெல் மூட்டைகள் கூரைவரைக்கும் அடுக்கியிருந்தன.

“சீமெந்துத் தரையெல்லே, எலி வராது” என்றார்.

ஜன்னலுக்குக் கீழே தையல் மெசின் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம், மூட்டை வைக்காமல், கூட்டித் துடைத்துக் கிடந்தது. பெட்டை பகலில் வந்து தைக்கிறாள், ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்துவிடுவாள் என்று அவரே சொன்னார்.

“வீட்டில எத்தினை பேர் அன்ரி?”

“மூண்டு” என்றார். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

எழுதினேன்.

குளக்கட்டால் மேற்குக் கரைக்குப் போனேன். இரண்டாம் பட்டியல் வரவில்லை. தகரம் இன்னும் கொஞ்சம் கறள் பிடித்துச் சிவந்திருந்தது. பிலிப்பு குளத்துக்குப் போயிருந்தார். மெற்றில்டா வாசலில் இருந்து எழும்பிக் கதிரை எடுத்துப் போட்டார்.

“எத்தினை பேர்?”

அவர் என் பேனையைப் பார்த்தார். போன வருசம் கோடு போட்ட பேனை அது இல்லை, ஆனால் அவர் அதைத்தான் பார்த்தார்.

“மூண்டு” என்றார் மெதுவாக.

“மூண்டாவது ஆளின்ர பேர்?”

“கிறிஸ்ரினா.”

எழுதினேன். அவர் நான் எழுதி முடிக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், சீனி போடாத பிளேன்டீயோடு வந்தார்.

கந்தோரில் செபமாலை சேர் தாளைக் கூட்டிப் பார்த்தார். மருத்துவமாதுவின் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பவும் கூட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஜெயகௌரி, விளாத்திக்கண்டலில இந்த முறையும் ஒரு ஆள் கூடுது.”

“ஓம் சேர்” என்றேன். “எனக்கு ஆளைத் தெரியும்.”